பாலாறு வரைக்கும்

மைசூரில் ஆறு மாதமாக யுவன் தன் கையாலேயே மாற்றிக் கட்டிய பைக், காட்டுச் சாலையில் கொதிக்க ஆரம்பித்தது.

"ஏனுங்க, கால் பொசுங்குது. நிறுத்துங்க!" என்றாள் பின்னால் இருந்த மனைவி ரூபா.

"இது யானை நடமாடுற இடம். பாலாறு செக்போஸ்ட் வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"மாதேஸ்வரா, நீதான் காப்பாத்தணும்!"

"சாமியா வந்து எஞ்சினை ஆத்தப்போகுது? பேசாம உட்காரு!"

செக்போஸ்ட்டில் புகையோடு வந்து நின்றார்கள். வனக்காவலர் குனிந்து பார்த்தார். எஞ்சினுக்கு முன்னால், காற்று புகுந்து எஞ்சினை ஆற்றும் கூலரை மூடிக்கொண்டு ஒரு மாதேஸ்வரர் படத் தகடு கம்பியால் கட்டியிருந்தது.

"ஏம்மா, சாமியை இங்கேயா கட்டுவாங்க?"

"நான் கட்டலீங்க" என்றாள் ரூபா.

யுவன் தகட்டை அவிழ்த்தான். கண்ணில் ஒற்றப்போய், சூடு தாங்காமல் நிறுத்தினான்.

"காட்டு ரோடுன்னா எனக்குப் பயம், ரூபா."