ஒரு சாண்

பிளெக்ஸ் கடையின் கணினித் திரைமேல் அப்பா கையை விரித்து வைத்தார்.

"மாவட்டத்துலயே மொத மார்க்கு! தங்கச்சி பேரு ஒரு சாண் ஒசரம் நிக்கணும், ராணி. கீழ வாழ்த்துறவங்க வரிசையில உன் பேரு ஒரு விரக்கடை போதும்."

பத்தாம் வகுப்போடு நின்று, அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் ராணி. ஒரு சாணுக்கு ஒன்பது அங்குலம், எழுத்தளவில் அங்குலத்துக்கு எழுபத்திரண்டு பாயின்ட். பொற்கொடி என்ற தங்கச்சி பெயருக்கு 648 என்று அடித்தாள். விரற்கடை முக்கால் அங்குலம், தன் பெயருக்கு 54. எழுத்துக்கு மேலும் கீழும் விடும் வெற்றிடமும் அந்த அளவில் சேர்ந்துவிடும், அச்சில் எழுத்து குள்ளமாகத்தான் வரும். அதனால் ஊரார் பெயர்களுக்கெல்லாம் கூட்டி வைப்பாள். இன்று கூட்டவில்லை.

அச்சான பேனரைத் தரையில் விரித்ததும் அப்பா குனிந்து, பொற்கொடியின் மேல் சாண் வைத்தார். கட்டைவிரல் எழுத்துக்கு வெளியே நின்றது.

"என்னடி, கொறையுது?"

"கணக்கு சரிதாம்ப்பா."

அவர் நகர்ந்துபோய், கீழே அவள் பெயரின் மேல் விரலைப் படுக்கவைத்தார்.

"அடடா, உன் பேரும் கொறையுதே! அவளுது கெடக்கட்டும், இத மொதல்ல மாத்தும்மா" என்றார், விரலை எடுக்காமல்.