லூர்த்தம்மாவின் மணி

மணி மறுபடியும் அடித்தது.

உலை கொதிக்கத் தொடங்கிய நேரம். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று யோசப்பின் எண்ணவில்லை. எண்ணினால் கோபம்தான் வரும்.

அரிசியை அப்படியே வைத்துவிட்டு, இடையில் கிடந்த வெறும் வளவைக் கடந்து அம்மாவின் வீட்டுக்குப் போனாள். லூர்த்தம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். வானத்தில் இரைவது ஹெலியா, குண்டு போடுகிற பொம்மரா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

வானத்தில் ஒன்றும் இல்லை. தெருவில் மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்று இரைந்துகொண்டு போனது.

யோசப்பின் திரும்பி வந்தாள். உலை பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

இதெல்லாம் தம்பி கனிசியஸ் செய்த வேலை. பாசையூரில் பெண் எடுத்து அங்கேயே இருப்பவன். சண்டையால் கடலுக்குத் தடை வந்ததிலிருந்து வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்தான். அம்மா வழுக்கி விழுந்து கால் ஏலாமல் போனதும், தொழில் சாமான் முழுவதையும் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டான்.

கட்டிலில் இருந்தபடியே விளக்கை ஏற்றி இறக்க ஒரு கப்பி. கக்கூஸ் வரைக்கும் பிடித்துக்கொண்டு போக முடிச்சுப் போட்ட கயிறு. கட்டில் காலில் தொடங்கி, கூரையால் ஏறி, இடை வளவு முருங்கையில் வளைந்து, அக்காவின் குசினிக்குள் அடுப்புக்கு மேலே வந்து முடிகிற, தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூல். அதன் நுனியில் மணி.

கரண்ட் போய்த் தொழில் படுத்துவிட்ட ஐஸ்பழக்காரன் ஒருவனிடம் வாங்கிய மணி அது. முதல்நாள் அடித்தபோது தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து ஏமாந்து போனார்கள்.

எலும்பில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். விழுந்தது டொக்டரா நானா என்று லூர்த்தம்மா கேட்டாள். தன்னோடு வந்து இருக்கச் சொன்ன மகனுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

“நான் என்ரை வீட்டிலைதான் இருப்பன். கொக்கா யோசப்பினுக்குக் கேக்கிற மாதிரி ஒரு மணியைக் கட்டிவிடு, காணும்.”

தனியாக இருப்பது அவள், ஓடுவது யோசப்பின். ஊசியில் நூல் கோக்க மணி. தீப்பெட்டி நனைந்துவிட்டதா என்று பார்க்க மணி. தனியச் சாப்பிட்டால் இறங்காது என்று மத்தியானத்தில் ஒரு மணி. மகளும் பக்கத்தில் இருந்து ஒரு பிடி தின்னும்வரை விடமாட்டாள்.

யோசப்பினுக்கு வேண்டியிருந்தது வேறு. தடையை மீறிக் கடலுக்குப் போன புருசன் தேவராசா திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்து கூட இருக்கிறேன் என்ற அம்மாவையும் சேர்த்துத்தான். பேசாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிடக்க விட்டால்தானே. அடுத்த கிழமையே அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள்.

அணைந்த அடுப்புக்கு முன்னால் நின்று யோசப்பின் ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிறு பூசை முடிய சுவாமியாரிடம் சொல்லி, அம்மாவைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் வயோதிபர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும். சொந்த வீட்டைப் பூட்டும்போது அம்மா அழுவாள். அழட்டும். தானும் மனுசிதானே, இனி ஏலாது.

மணியின் வாய்க்குள் ஒரு பழந்துணியைத் திணித்தாள். பின்கதவைச் சாத்தக்கூட மனமில்லாமல் குசினி நிலத்திலேயே படுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நூல் அசைந்தது. மணி சத்தமில்லாமல் ஆடி நின்றது. மறுபடியும் ஆடியது. பிறகு பெரிய மீன் மாட்டிய தூண்டில் மாதிரி விடாமல் இழுபட்டது.

யோசப்பின் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எழும்பவில்லை.

நூல் ஓய்ந்தது. அம்மாவுக்கு ஒருவழியாக அலுத்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடினாள். உடம்பு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. என்ன சுகம்.

வேலி ஓலை முறிகிற சத்தம் கேட்டது. தலையை மட்டும் உயர்த்தி யன்னலால் பார்த்தாள்.

லூர்த்தம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் ஊன்றுகிற பொல்லு இல்லை. எதையும் பிடிக்காமல், கொஞ்சமும் நொண்டாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

யோசப்பினுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இத்தனை நாளும் என்னைப் பேய்க்காட்டினாயா என்று கேட்க எழும்பி வாசலுக்குப் போனாள்.

திறந்து கிடந்த குசினிக் கதவை லூர்த்தம்மா திரும்பியும் பார்க்கவில்லை. அதைத் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போனாள்.

கிணற்றுக் கட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, பாதி உடம்பு உள்ளே போகும்படி குனிந்து, தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“யோசப்பின், ஓமெண்டு ஒருக்காச் சொல்லடி பிள்ளை.”

பின்னால் வந்து நின்றவளுக்கு அந்த ஓம் வாயில் வர வெகுநேரம் பிடித்தது.