பிறவி அச்சு

ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் திருடாதபடி கம்பெனிப் பெயர் அச்சகத்திலேயே பதிந்து வந்த ரெவின்யூ ஸ்டாம்புக்கான இடம் அது. தனக்குத்தான் என்று சிவப்பு ஸ்டாம்பு சிவப்பி, பட்டுப்புடவை கட்டாத குறையாகக் காத்திருந்தாள்.

பக்கத்தில் கிடந்த நீல ஸ்டாம்பு நீலியைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

"உன் மேல பேரு எப்படிக் கோணிக்கிட்டு நிக்குது பாரு! ஆபீஸ்ல எவனோ தூக்கக் கலக்கத்துல ரப்பர் முத்திரையால குத்தியிருக்கான். நானெல்லாம் பிறக்கும்போதே அச்சு!"

"இருக்கலாம்க்கா," என்றாள் நீலி.

பூதக்கண்ணாடி குனிந்து இருவரையும் பார்த்தது.

"நீலி, உன் எழுத்து கத்தி மாதிரி இருக்கு. தாள்தான் மெஷின்ல கோணலாப் போயிருக்கு. நீ அச்சு. சிவப்பி, உனக்கு மை கசிஞ்சு முதுகு வரைக்கும் ஊறியிருக்கே! முதல் தடவை சரியாப் பதியலேன்னு மறுபடியும் வேற குத்தியிருக்கான்."

இடுக்கி நீலியைத் தூக்கிக் காலி இடத்தில் வைத்தது. சிவப்பியைக் கைமுத்திரை குத்திய ஸ்டாம்புகளுக்கான கவருக்குள் போட்டது. உள்ளே இருந்த கோணல் கும்பல் நகர்ந்து இடம் கொடுத்தது. அதில் ஒருத்தி கேட்டாள்:

"என்னக்கா, பிறவி அச்சுன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாததால் சிவப்பி சிரித்துவைத்தாள்.

"என்னத்தச் சொல்ல! ரெண்டு தடவை குத்தியும் எனக்கு உறைக்கலையே!"