புத்தருக்குப் போட்ட திரை

"ஒருத்தரும் உள்ளுக்குப் போகக்கூடாது! பிள்ளையள் எல்லாம் இஞ்சால வாங்கோ!"

கதிர்காமநாதன் அண்ணை போட்ட சத்தத்தில் லக்சிகாவின் கையிலிருந்த சோக்குப் பெட்டியே ஒருமுறை குலுங்கிவிட்டது.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாளர் அவர். வழக்கமான கட்டடத்தில் திருத்த வேலை. இரண்டு மாதமாக இடம் தேடி அலைந்து, கடைசியில் கை கொடுத்தது ஜெர்மன்காரர் நடத்துகிற ஒரு பௌத்த சங்கம். "எங்கள் மண்டபம் சனிக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கிறது, தாராளமாக வாருங்கள்" என்றார்கள்.

இன்றைக்குத்தான் முதல் வகுப்பு. மூன்று கிழமையில் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சோதனை வேறு. இந்த இடமும் போனால் நாற்பது பிள்ளைகளும் திசைக்கொன்றாகப் போய்விடுவார்கள்.

சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் லக்சிகா. பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன அண்ணை நடந்தது?"

"உந்தக் கண்ணாடிக்குள்ளால பார் பிள்ளை. தங்கட புத்தருக்குத் திரை போட்டு வைச்சிருக்கினம்!"

எட்டிப் பார்த்தாள். உண்மைதான். மண்டபத்தின் முன்பக்கம் ஆள் உயரச் சிலை. தலையிலிருந்து பாதம் வரைக்கும் வெள்ளைத் துணி.

"ஏனாம்?"

"ஏனோ? எங்கட கண் படக்கூடாதாம்! எங்களைக் கண்டால் அவைக்குத் துடக்கு, தீட்டு!"

பக்கத்தில் நின்ற கமலநாயகி அக்கா மெல்ல வாயைத் திறந்தார்.

"எங்கட கோயிலிலயும் அலங்காரத்துக்குத் திரை போடுறதுதானே. உள்ளுக்கை அபிசேகம் ஏதும் நடக்குதோ தெரியேல்லை."

"பகிடி விடுற நேரமோ கமலநாயகி?"

லக்சிகாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வியாழக்கிழமைகளில் ஸ்டேஷன் வாசலில் வீடில்லாதவர்களுக்குச் சூப் ஊற்றுகிறவர்கள் இந்தச் சங்கத்துக்காரர். ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறவர்களின் பக்கத்தில் இருந்து கை பிடிக்கிறவர்கள். போன மாதம் நகரசபையில் அகதிகளுக்காக எழும்பிக் கதைத்தவர்களும் இவர்கள்தான். இவர்களா துடக்குப் பார்க்கிறவர்கள்? துடக்குப் பார்க்கிறவர்கள் கதவில் தமிழில் 'வனக்கம்' என்று எழுதி ஒட்டுவார்களா? எழுத்துப் பிழை விடுகிற அளவுக்குப் பாடுபட்டு?

அப்படியென்றால் ஏன் மூடினார்கள்?

அவளுடைய ஆறு வயது மகள் நிருஷா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, புத்தர் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறாரோ?"

"சும்மா இரடி. எனக்கே விளங்கேல்லை."

"என்ன விளக்கம் வேணும்?" அண்ணை வாசற்படிக்கு வெளியே தூறலில் நனைந்தபடி கத்தினார். "மரியாதை இல்லாத இடத்தில எங்கட பிள்ளையள் ஆனா ஆவன்னா படிக்கத் தேவையில்லை. எல்லாரும் வீட்ட போங்கோ!"

"பத்து நிமிசம் பொறுங்கோ அண்ணை. நான் கேட்டுக்கொண்டு வாறன்."

குசினியில் சங்கத்தின் பொறுப்பாளர் லூக்காஸ் பிள்ளைகளுக்கு ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு மலை வெட்டிவிட்டார்.

படபடப்பு வந்தால் லக்சிகாவின் ஜெர்மனில் ஆண்பால், பெண்பால், அஃறிணைக்கான டேர், டீ, டாஸ் மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

"லூக்காஸ், நேராகவே கேட்கிறேன். நாங்கள் பார்த்தால் உங்கள் புத்தருக்கு ஆகாதா?"

ஆப்பிள் வெட்டிய கத்தி நின்றது.

"ஆகாதா? யார் சொன்னது?"

"பிறகு ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள்?"

லூக்காஸ் கையைத் துடைத்தார். சொல்வதா விடுவதா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"செவ்வாய்க்கிழமை உங்கள் ஆள் ஒருவர் மண்டபம் பார்க்க வந்தார். கதவைத் திறந்தேன். சிலையைக் கண்டவர் அப்படியே நின்றுவிட்டார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கொஞ்சம் சுகமில்லை என்றார்."

"ஐயோ!"

"ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். அது நெஞ்சு வருத்தம் இல்லை. பயம். அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம், படிவத்தைத் தாருங்கள் என்றார். உள்ளே கால் வைக்காமலே கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுப் போனார். சிலை முழுக் கல். நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. அதனால்தான் துணி."

"யார் அந்த ஆள்?"

லூக்காஸ் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

தூறலில் கதிர்காமநாதன் அண்ணை. இன்னமும் வாசற்படிக்கு அந்தப் பக்கம்தான். இன்னமும் கத்திக்கொண்டுதான்.

அண்ணை இலங்கையில் இரண்டு வருசம் சிங்கள இராணுவத்தின் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த முகாம் வாசலில் என்ன சிலை இருந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

வெளியில் வந்தாள். நாற்பது பிள்ளைகள், தாய்மார், தகப்பன்மார். எல்லார் கண்ணும் அவள் முகத்தில்.

"என்னவாம் பிள்ளை? துடக்குத்தானே? எல்லாருக்கும் கேக்கச் சொல்லு!"

"துடக்குமில்லை, ஒண்டுமில்லை அண்ணை," லக்சிகா எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள். "நாற்பது பிள்ளையள் ஓடித் திரிஞ்சால் புழுதி கிளம்புமெண்டு மூடினவையாம். வகுப்பைத் தொடங்குவமே?"