ஆறு மிட்டாய்

சமையலறைப் பெண்கள் இருவர், லிஃப்ட்காரர், வாட்ச்மேன், ஆம்புலன்ஸ் டிரைவர், சலவைப் பிரிவு அக்கா. ஆக ஆறு பேர்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு மதிய இடைவேளையில் அரை மணி நேரம் ஆங்கிலம் சொல்லித் தருபவள் ரிசப்ஷனிஸ்ட். சரியாகப் பேசினால் ஒரு மிட்டாய். எண்ணி ஆறுதான் கொண்டு வந்திருந்தாள்.

"யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், ஜஸ்ட் நவ். இதுல ஒண்ணை வச்சு, சமீபத்துல நடந்ததைச் சொல்லுங்க."

அவள் கவலையெல்லாம் சலவை அக்காவைப் பற்றித்தான். நாளை வார்டு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ. சிரிப்பார்களோ என்ற பயத்தில் அக்கா இதுவரை வாயே திறந்ததில்லை. இன்றும் பேசாவிட்டால் பெயரை அனுப்ப முடியாது.

வழக்கம்போல் டிரைவர்தான் முதலில் எழுந்தார்.

"டுமாரோ ஐ வென்ட் மார்க்கெட்!"

"நாளைக்குப் போக வேண்டிய மார்க்கெட்டுக்கு இன்னிக்கே போயிட்டு வந்துட்டீங்களா? வண்டி அவ்வளவு ஸ்பீடாண்ணே?" என்றார் லிஃப்ட்காரர்.

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்த சூட்டோடு எழுந்தாள்.

"யெஸ்டர்டே... ஐ வாஷ்ட் சிக்ஸ்டி பெட்ஷீட்ஸ்."

கைதட்டல் ஓய வெகுநேரமானது. மற்றவர்களும் மளமளவென்று சொல்லி மிட்டாய் வாங்கினார்கள்.

ரிசப்ஷனிஸ்ட் டிரைவரிடம் பொரிந்து தள்ளினாள். "மூணு மாசமா முதல் ஆளா எழுந்து தப்பு தப்பா சொல்றீங்க. விளையாட்டா இருக்கா? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

"சரிங்க டீச்சர்."

மூன்று மணிக்கு, தமிழ் தெரியாத ஒரு பெண்மணி கணவரைத் தேடி அழுதபடி ரிசப்ஷனுக்கு ஓடி வந்தாள். ரிசப்ஷனிஸ்ட் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வி பிராட் ஹிம் டென் மினிட்ஸ் அகோ, மேடம். ஹி வாஸ் டாக்கிங் டு மீ ஜஸ்ட் நவ். ப்ளீஸ் டோன்ட் க்ரை."

டிரைவர்! தடங்கலே இல்லை.

பெண்மணியை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பியவரிடம், "அண்ணே, அப்போ கிளாஸ்ல?" என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "முதல்ல ஒருத்தன் உளறி வச்சா, அடுத்தவங்களுக்குப் பயம் விட்டுப் போகும்ல, டீச்சர்."

அவள் மிட்டாய் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"எடுத்துக்குங்கண்ணே. நாளைக்குக் கட்டாயம் வந்துடணும். தோட்டக்காரம்மா புதுசா சேர்றாங்க."

"அப்போ அவங்களுக்கு வைங்க டீச்சர். நாளைக்கும் நான் தப்பாத்தானே சொல்லணும்!"

டப்பாவில் மீதி, ஒன்று.