பெரிய தோட்டம், சின்ன மெஷின்

சிதம்பரத்தில் சார்லஸின் வீட்டுத் தோட்டம் முழுக்கப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மெஷின் வாங்கக் கடலூருக்கு வந்திருந்தான்.

“தோட்டம் எவ்ளோ சார் இருக்கும்?” என்றார் கடைக்காரர் பக்கிரி.

“அரை ஏக்கர் வரும்.”

“அப்ப இதை எடுத்துக்குங்க. பெரிய இன்ஜின். காலையில ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

“வேணாங்க. இருக்கறதுலயே சின்னதா குடுங்க.”

“அது ரொம்ப மெதுவா வெட்டும் சார். யாரு வெட்டப் போறது?”

“எங்க மாமனாரு.”

பக்கிரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “வயசானவரு சார், பாவம்.”

சார்லஸ் சிரித்துக்கொண்டே சின்னதை வாங்கி வந்தான். வாசலிலேயே காத்திருந்தாள் மனைவி சிந்துஜா.

“அப்பா நாளைக்கே வர்றாராம். அம்மா போனதுலேருந்து பெண்ணாடத்துல தனியாவே கெடக்கறாரு. எப்ப கூப்பிட்டாலும், ‘அங்க எனக்கு என்ன வேலை’ன்னு மறுநாளே கெளம்பிடுவாரு. புல்லு வெட்ட ஆள் கெடைக்கலன்னதும் ஒத்துக்கிட்டாரு. ஆனா, முடிச்சதும் கெளம்பிடுவாராம்.”

“முடிச்சாதான?” என்றபடி மெஷினை இறக்கினான் சார்லஸ். “இதை வச்சு அந்தக் கடைசிக்குப் போறதுக்குள்ள, இந்தப் பக்கம் மறுபடி வளந்துடும்.”