ஸ்டாண்டில் மாட்டிய எஞ்சின்

ரேஸ் வண்டி போலப் பாய்கிற அந்தப் பழைய காரைப் பல் டாக்டரம்மா வாங்கும்போதே, கண்ணுகளா, அதன் எஞ்சின் ஆயில் குடிக்கும், பேரிங் தேயும் என்று எல்லோரும் சொன்னார்கள். தெரிந்துதான் வாங்கினார். பிள்ளைக்குப் பால் புகட்டுவது போல அளவு பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றினார். அப்படியும் ஒரு நாள் உள்ளே தடதடவென்று சத்தம் வந்துவிட்டது. மெக்கானிக் எஞ்சினைக் கழற்றித் தன் பட்டறை ஸ்டாண்டில் மாட்டினார். பட்டறையில் இடமில்லாததால், வெறும் வண்டியை இழுத்து வந்து டாக்டரம்மாவின் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவின் அண்ணன் பழைய இரும்பு வியாபாரியோடு வந்துவிட்டார். டாக்டரம்மா வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

“கீழ இறங்கு. எஞ்சின் இல்லாத வண்டியில கோழியா வளர்க்கப் போற? ஊர்ல உள்ள சொத்தையெல்லாம் பிடுங்குற, இத மட்டும் பிடுங்க மாட்டேங்குற.”

“பிடுங்குறது கடைசி வைத்தியம்ண்ணே. வண்டி எங்கயும் போகாது. போனா நான்தான் ஓட்டிட்டுப் போவேன்.”

வியாபாரி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். தொங்கும் ஒயர்களும், அவற்றுக்குக் கீழே தரையும் தெரிந்தன. மூடிவிட்டார்.

டாக்டரம்மா வீம்புக்குச் சாவியைத் திருகி, கியரைப் போட்டார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து, தெருமுனையில் திரும்பியது.

அண்ணனின் போன் அடித்தது. மெக்கானிக் பேசினார். பின்னால் ஏதோ அலறியது.

“அண்ணே, டாக்டரம்மாவ கொஞ்சம் கியர் மாத்தச் சொல்லுங்க. ஸ்டாண்டு ஆடுது.”